நிழலூர்ப் பிள்ளை

சென்னியப்பன் தனக்குத் தானே திதி கொடுத்த வருடம் காரைப்பட்டி முழுக்கச் சிரித்தது. மறுவருடம் சிரிப்பதற்கு ஆள் இல்லை. ஆடி அமாவாசையன்று படித்துறையில் ஆளுக்கொரு வாழையிலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தன் சாவைத் தானே கண்ணால் பார்த்துவிட்டு வந்த மனிதன் எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் வேறு என்னதான் செய்வான்? மஞ்சணாறு திருந்தாமல் பழையபடி சாயக்கழிவோடு கிடந்திருந்தால் அவருடைய வீடு இன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்வைக்கூடத்தில் உட்கார வைத்துக் காட்டினார்கள். முன்னறையில் அவருடைய படம் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, ஆள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. சென்னியப்பன் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து தன் படத்துக்குத் தானே கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வீட்டுக்கு வந்து குளித்து, இலை போட்டு, தனக்குப் பிடித்த கச்சாயப் பலகாரம் முதல் எல்லாவற்றையும் படைத்து, காக்கைக்கு வைத்தது போக மீதியைத் தானே சாப்பிட்டார். ஆற்றுப் பயன் வாரியத்து அதிகாரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கணிப்பில் வரும் நிழலுக்கு யாராவது திதி கொடுப்பார்களா என்று எடுத்துச் சொன்னார்கள். ஊர் கேட்கவில்லை. கடைசியில் ஆற்றில் விடும் இலைகளையும் பூக்களையும் அள்ளுகிற செலவை ஆற்றின் பயனிலிருந்து கழிக்கும் ‘கழித்தல்’ கணக்கில் சேர்த்துவிட்டு அவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஆற்றுக்கு மதிப்புச் சொல்ல வேண்டி வந்ததால் வந்த கூத்து இது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் மஞ்சணாற்றைத் திருத்தினார்கள். சாயப்பட்டறைகள் தண்ணீரில்லாச் சாயத்துக்கு மாறின. ஆற்றின் அடியில் ஆள் உயரத்துக்குப் படிந்திருந்த கசடை வாரி எடுத்தார்கள். மேலே அணையைத் திறந்து வருடம் முழுக்க நல்ல தண்ணீர் விட்டார்கள். அந்தக் கடைசி வேலையில்தான் சிக்கல். சில வருடம் கழித்து அதே தண்ணீரைப் பெருநகரமும் கேட்டது. வருடா வருடம் விலையை ஏற்றிக் கேட்டது. நகரம் கொடுக்கும் விலையைவிட ஆறு இந்தப் பள்ளத்தாக்குக்குச் செய்யும் பயன் அதிகம் என்று காட்டினால் தண்ணீர் ஆற்றுக்கு, இல்லையென்றால் குழாய்க்கு என்று தீர்ப்பானது. தொடர்ந்து ஏழு வருடம் ஆறு ஜெயித்துவிட்டால் அதற்கு நிலையுரிமை. அப்புறம் எவரும் கைவைக்க முடியாது.

மீனை எண்ணலாம், தென்னையை எண்ணலாம், கிணற்று மட்டத்தை அளக்கலாம். வராமல் போன நோயை எப்படி எண்ணுவது? அதற்காக வந்ததுதான் நிகர்ப்பொறி. அணை திறந்த நாள்வரை இந்த ஊர் எப்படி இருந்ததோ அப்படியே இன்னொரு ஊரை அது தனக்குள் கட்டிக்கொண்டது. அதே தெரு, அதே வீடு, அதே மனிதர்கள். ஒரே வித்தியாசம், அங்கே ஆறு திருந்தவில்லை. அந்த நிழலூரிலும் மனிதர்கள் விடிந்தால் எழுந்தார்கள், சமைத்தார்கள், சண்டை போட்டார்கள், நோயில் விழுந்தார்கள். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் உள்ள வித்தியாசம் எதுவோ அதுதான் ஆற்றின் பயன். நிழலூர்க்காரர்களுக்கு வலி தெரியுமா என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். அதைப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு இன்னும் கூடிக் கலைந்துகொண்டுதான் இருக்கிறது.

பொறி தப்பாகக் கணித்துவிடக் கூடாது என்று ஒரு ஏற்பாடும் இருந்தது. வருடத்தில் ஒரு நாள், ஒப்புநாளன்று, வீட்டுக்கு ஒருவர் பார்வைக்கூடத்துக்குப் போக வேண்டும். தன் நிழல்வீட்டை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, ‘ஆமாம், நாங்கள் இப்படித்தான் இருந்திருப்போம்’ என்று ஒப்ப வேண்டும். இல்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்டுக்கொண்டு, பொறி அந்த வீட்டை முதலிலிருந்து திருத்திக் கணிக்கும். ஒப்பியவர் பிற்பாடு எப்போது மறுத்தாலும் கணிப்பு மறுபடியும் திறக்கும். ஊரைவிட்டே போயிருப்போம் என்று சொன்னவர்களும் உண்டு. பள்ளத்தாக்கின் எல்லையைத் தாண்டியவர்களைப் பொறி பின்தொடர்வதில்லை. அந்த வீட்டுக் கதவு நிழலூரில் பூட்டிக் கிடக்கும். போன இடத்தில் அவர்கள் சராசரியாக வாழ்ந்திருப்பார்கள் என்று ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வார்கள்.

ஊரில் எல்லா வீட்டுக்கும் நிழலூர் நரகமாக இருந்தது. மௌனிகா வீட்டுக்கு மட்டும் அப்படி இல்லை. அங்கே அவளுடைய மகன் உயிரோடு இருந்தான்.

இங்கே ஆதிரன் ஆறு வயதில் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படித்துறை நிறைய ஜனம் இருக்கும்போது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் போனான். மௌனிகா துண்டைப் பிழிவதற்காகத் திரும்பினாள். துண்டைப் பிழிய எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு தெளிவான தண்ணீர் தன் பிள்ளையை மறைத்து வைத்திருந்ததை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நிழலூரில் ஆறு என்பது நாறும் கருப்புக் குழம்பு. எந்தப் பிள்ளையும் அதன் பக்கம் போகாது, ஆதிரனும் போகவில்லை. அவன் வேறு ஏதோ ஒரு பிள்ளை என்றும் சொல்ல முடியாது. அணை திறந்த அன்று அவன் மௌனிகாவின் வயிற்றில் நான்கு மாதம். இரண்டு ஊரும் பிரிவதற்கு முன்னாலேயே உருவானவன். அதே மூக்கு, கோபம் வந்தால் அதே உதட்டுப் பிதுக்கல்.

அவன் போன மறுவருடம்தான் முதல் ஒப்புநாள் வந்தது. திரையில் ஏழு வயது ஆதிரன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சப்பாத்தியைச் சர்க்கரையில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். மௌனிகா நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். அன்றிலிருந்து அவளுடைய வருடம் என்பது அந்த அரைமணி நேரம்தான். மிச்ச நாட்களெல்லாம் அதற்குப் போகிற வழி. தொட முடியாது, கூப்பிட முடியாது. பல் விழுந்து முளைத்ததைப் பார்த்தாள். சைக்கிள் பழகியதைப் பார்த்தாள். அங்கே இருக்கிற மௌனிகா அவனைத் திட்டுவதையும் இழுத்து வைத்துத் தலை துவட்டுவதையும் பார்த்தாள். தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த மௌனிகா களைத்துப் போயிருந்தாள், தண்ணீர் கேனைத் தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், முகமெல்லாம் கருத்திருந்தது. இருந்தும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தான் எவ்வளவு பெரிய பணக்காரி என்று அவளிடம் போய்ச் சொல்ல யாருமில்லை.

மௌனிகாவின் கணவன் பிரணவ் ஒரு தடவைகூடப் பார்வைக்கூடத்துக்கு வரவில்லை; அங்கே அவள் என்ன பார்த்தாள், என்ன சொன்னாள் என்று கேட்டதுமில்லை. மகனுக்குச் செய்ய வேண்டிய காரியத்தை அவன் மட்டும் தனியாகச் செய்து முடித்தான். உயிரோடு இருக்கிறவனுக்குத் திதி எதற்கு என்று மௌனிகா கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஏழாவது வருட ஒப்புநாளுக்கு முந்தைய சாயங்காலம் சென்னியப்பன் அவள் வீட்டுக்கு வந்தார். ஆற்றுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார், பேத்தி நீச்சல் பழகுவதைப் பற்றிப் பேசினார். பழகுவது எந்தத் துறையில் என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். நகரம் இந்த வருடம் விலையை ஒரேயடியாக ஏற்றிவிட்டது. ஆறு நூலிழையில் நிற்கிறது. ஊரிலேயே பெரிய கழித்தல் மௌனிகா வீட்டுக் கழித்தல்தான். ஒரு பிள்ளையின் முழு ஆயுசும் ஆற்றின் பேரில் இழப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீரில் பிள்ளை பிழைத்திருக்க மாட்டான், நிழல்வீடு சரியில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று சங்கத்தில் நாலு பேர் பேசினார்களாம்.

“நான் அதைக் கேக்க வரலை, அம்மிணி,” என்றார். “உன்ர பையனை நீயே இல்லைன்னு சொல்லச் சொல்ல எனக்கு வாய் வராது. நீ போய்ப் பாத்துட்டு வா. ஊரு எப்படியோ போவட்டும்.”

சொல்லிவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். கேட்க வரவில்லை என்பவர்கள் உட்கார்ந்திருக்கும் தோரணை மௌனிகாவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. நிழலூரில் அவர் இல்லை, அவருடைய பேத்தி பிறக்கவேயில்லை. அவர் பயத்துக்கு அர்த்தம் இருந்தது.

நாளையோடு எல்லாம் முடிகிறது என்று இருவருக்கும் தெரியும். ஆறு ஜெயித்தால் நிலையுரிமை வந்துவிடும். அப்புறம் ஒப்பிட வேண்டிய அவசியமில்லை, பொறியை அணைத்துவிடுவார்கள். ஆறு தோற்றால் தண்ணீர் நகரத்துக்குப் போய்விடும். இரண்டு ஊரும் ஒன்றுபோலாகிவிடும், அப்போதும் அணைத்துவிடுவார்கள். ஆறு முழுதாக ஜெயிக்காமலும் தோற்காமலும் இழுத்துக்கொண்டிருந்த வருடங்கள்தான் ஆதிரனின் ஆயுசு. மௌனிகா இதையெல்லாம் எப்போதோ யோசித்து முடித்துவிட்டாள். கடைசி அரைமணி நேரத்தில் கண்ணை இமைக்காமல் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை. பதிமூன்று வயதுப் பையன். மீசை அரும்பியிருக்கலாம்.

காலையில் பார்வைக்கூடத்தில் ஷாஹிதா இருந்தாள். நாகூர்ப் பக்கத்துப் பெண், வாரியத்தின் ஒப்பாளர். ஏழு வருடமாக மௌனிகாவை அழைத்துப் போய் உட்கார வைப்பவள் அவள்தான். மற்ற வருடங்களில் ஏதாவது பேச்சுக் கொடுப்பாள். இன்றைக்கு நாற்காலியைக் காட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

திரையில் வீடு வந்தது. அந்த மௌனிகா அடுப்படியில் இருந்தாள். இந்த மௌனிகா முன்னறையைப் பார்த்தாள், யாருமில்லை. பள்ளிக்கூடம் போயிருப்பான் என்று நினைத்தாள். திரையில் காட்டுவது எப்போதும் மத்தியானச் சாப்பாட்டு நேரமாகத்தான் இருக்கும், ஓடி வந்துவிடுவான். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனிகா ரசத்தை இறக்கினாள். வேலையிலிருந்து அந்தப் பிரணவ் வந்தான், இருமிக்கொண்டே கை கழுவினான். சுவரோரம் சைக்கிள் நிற்கும் இடத்தில் அரிசி மூட்டை இருந்தது. மௌனிகா அதைப் பார்த்தாள், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மௌனிகா அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்தாள். தரையில் வைத்தாள். இரண்டு தட்டு.

அவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். அந்த மௌனிகா பாதியில் எழுந்து போய் வாசலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். வருகிறவன் யாருமில்லை என்று தெரிந்தும் பார்க்கிற பார்வை அது. மௌனிகாவுக்கு அந்தப் பார்வையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அது அவளுடைய பார்வைதான்.

“எப்போ?” என்று கேட்டாள்.

“சித்திரையில, அக்கா,” என்றாள் ஷாஹிதா. “முன்னாலயே சொல்லக் கூடாதுன்னு விதி. பார்த்த பிறகுதான் சொல்லணும்.”

பள்ளிக்கூடத்து ஆழ்குழாய்த் தண்ணீர். வீட்டில் கேன் தண்ணீர் கொடுத்து வளர்த்தார்கள். ஆனால் ஓடி விளையாடுகிற பிள்ளை தாகம் எடுத்தால் குழாயில்தான் வாய் வைக்கும். முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். கோவை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தான். அந்த மௌனிகா தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்றாள். அவளுடையதும் பாதி கெட்டிருந்தது. ஷாஹிதா இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ரொம்பக் கஷ்டப்பட்டானா என்று மௌனிகா கேட்டாள். ஷாஹிதா கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.

பிறகு தன் வேலைக்கு உரிய வாக்கியங்களைச் சொல்லத் தொடங்கினாள். இந்த வீட்டில் இதுவரை இழப்பாக எழுதியிருந்தது ஆதிரனுக்கு இனி வரவேண்டிய ஆயுசு. அங்கேயும் அவன் இல்லாததால் அது அடிபட்டுப் போகிறது. இங்கே வாழாத ஏழு வருடம் பாக்கி நிற்கும். ஆனால் அங்கே பிரணவுக்கு இருமல், மௌனிகாவுக்கு நோய், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் எதிரே வைத்தால் அதுவும் சரிக்குச் சரி வந்துவிடுகிறது.

“இந்த வீட்டுக்கு ஆற்றால இழப்பு இல்லைன்னு வரும், அக்கா. ஆறும் ஜெயிச்சிடும். நீங்க ஒப்பணும். இப்படித்தான் நடந்திருக்குமான்னு நான் கேட்டாகணும்.”

மௌனிகா திரையிலிருந்த இரண்டு தட்டையும் பார்த்தாள். பேசியபோது குரல் அவளுடையது போலவே இல்லை.

“நாங்க இங்க இருந்திருக்கவே மாட்டோமுங்க.”

பதினான்கு வருடத்துக்கு முன்னால், வயிற்றில் நான்கு மாதப் பிள்ளையோடு இருந்தவளிடம் டாக்டர் இந்த ஊர்த் தண்ணீரை வாயில் வைக்காதே என்று சொல்லியிருந்தார். பிரணவ் அன்றைக்கே பொள்ளாச்சிக்குப் போய் ஒரு கயிற்று ஆலையில் வேலை பேசி, வீடு பார்த்து வந்தான். பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. அடுத்த வாரம் வண்டி சொல்லியிருந்தார்கள். அதற்குள் அணை திறந்தது. ஊரே நோம்பித் திருவிழாபோலக் கரையில் நின்று புதுத் தண்ணீரைப் பார்த்தது. சாக்கை அவிழ்த்துப் பாத்திரத்தை மறுபடி அலமாரியில் அடுக்கினார்கள். ஆறு திருந்தியிருக்காவிட்டால் அவர்கள் அந்த வாரமே போயிருப்பார்கள். ஆதிரன் பொள்ளாச்சியில் பிறந்திருப்பான், தென்னந்தோப்புக்குள் ஓடி விளையாடியிருப்பான், நல்ல தண்ணீர் குடித்திருப்பான்.

முதல் ஒப்புநாளன்று இதைத்தான் அவள் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் கதவு பூட்டிவிடும். எல்லையைத் தாண்டியவனைப் பொறி காட்டாது. திரையில் அவன் சப்பாத்தியைச் சர்க்கரையில் தொட்டுக்கொண்டிருந்தான். அவள் ‘ஆமாங்க, இங்கதான் இருந்திருப்போம்’ என்றாள். அதற்குப் பிறகு வருடா வருடம் அதையே சொன்னாள். தான் பார்ப்பதற்காக அவனை அந்த ஊரிலேயே வைத்திருந்தாள்; அவன் அந்த ஊரின் தண்ணீரைக் குடித்தான்.

ஷாஹிதா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒப்பாளர்கள் ஒப்ப வருகிறவர்களின் பக்கத்தில் உட்காரக் கூடாது.

“இப்போ சொன்னாலும் பொறி திருத்திக்கும், அக்கா. முதல்லேர்ந்து கணிக்கும். நீங்க பொள்ளாச்சிக்குப் போயிடுவீங்க. கதவு பூட்டிடும்.”

“அவன் இருப்பானா?”

“கணக்குல இருப்பான். சராசரி ஆயுசு போடுவாங்க. அறுபது, எழுபது வயசு வரைக்கும்.”

“நான் பாக்க முடியாதுங்களா?”

“முடியாதுக்கா. யாராலயும் முடியாது. அந்த முழு ஆயுசும் இழப்புல ஏறும். ஆறு தோத்துடும்.”

சித்திரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தானே, அது இல்லாமல் போய்விடுமா என்று மௌனிகா கேட்டாள். அழித்துக் கணித்தால் அவன் பட்ட பாடு படாததாகிவிடுமா? ஷாஹிதாவுக்குத் தெரியவில்லை. அந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் ஒரு குழு இருக்கிறது.

ஊருக்காக அவள் தியாகம் செய்தாள் என்று பிற்பாடு விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் நினைத்திருக்கலாம். அது உண்மையில்லை. தியாகம் செய்கிற நிலையில் அவள் இல்லை. உள்ளே எல்லாம் இடிந்து கிடந்தவளுக்கு இரண்டு தட்டு மட்டும் கண்ணில் நின்றது. ஆறு தோற்றால் தண்ணீர் குழாயில் ஏறிப் போகும். மீதி நிற்பது ஆழ்குழாய்த் தண்ணீர். அடியிலே இன்னும் சாயம் போகவில்லை, மேலே ஆறு ஓடுவதால்தான் அது நீர்த்துக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக் குழாயில் பிள்ளைகள் வாய் வைப்பார்கள். எந்த வீட்டிலாவது ஒருத்தி இரண்டு தட்டை எடுத்துத் தரையில் வைப்பாள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போவாள். பொள்ளாச்சியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணாக அவன் இருக்கட்டும் என்பதற்காக அதை இன்னொருத்திக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் ஆசைக்காக ஒரு பிள்ளையை அந்தத் தண்ணீரில் வைத்திருந்தது போதும்.

“ஆமாங்க,” என்றாள். “இப்படித்தான் நடந்திருக்கும்.”

திரை அணைந்தபோது அந்த மௌனிகா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆறு ஜெயித்தது. அந்த வாரம் காரைப்பட்டியில் வெடிச் சத்தம் ஓயவில்லை. படித்துறையில் பந்தல் போட்டு, தப்பட்டை அடித்து, மேலே அணைவரைக்கும் ஊர்வலம் போனார்கள். சென்னியப்பன் பேத்தியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். வாரியத் தலைவர் பேசும்போது, ஓர் ஆறு தன் கரையில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் நன்மை மட்டுமே செய்திருப்பதாகக் கணிப்பில் வந்தது இதுதான் முதல் தடவை என்றார். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுக்குக்கூட இழப்பு இல்லை என்றார். ஜனம் கை தட்டியது. எந்த வீட்டுக் கழித்தல் என்ன ஆனது என்று யாரும் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பிரணவ் மட்டும் கை தட்டாமல் திரும்பி மௌனிகாவைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டான். “பொள்ளாச்சின்னு நீ சொல்லவே இல்லையா?”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“ஏழு வருசமும்?”

அவன் சத்தம் போடவில்லை, அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பதினான்கு வருடத்துக்கு முன்னால் பேசி வைத்த அந்தக் கயிற்று ஆலை இன்னும் நடந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் அவன் பொள்ளாச்சிக்குப் போய்விட்டான். கூட வருகிறாயா என்று அவனும் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. நிகர்ப்பொறியை அணைத்தது அந்த மாதத்தில்தான். செய்தியை ஷாஹிதா போனில் சொன்னாள். அணைக்கிற சமயம் நிழலூரில் என்ன நேரம், யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்க மௌனிகாவுக்குத் தைரியம் வரவில்லை.

பொறி போனாலும் அதன் முடிவுகள் நின்றன. வாரியம் அவற்றை வைத்துத்தான் எல்லாவற்றுக்கும் செலவு ஒதுக்கியது. ஆவணி பிறந்து சில நாள் கழித்து மௌனிகா படித்துறை வழியாகக் கடைக்குப் போனபோது, நீர்க்காவலர் தன் மேட்டுக் கொட்டகையைப் பிரித்துக் கம்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆதிரன் போன பிறகு அந்தத் துறைக்குப் போட்ட காவல் அது. ஆட்களை வருடத்துக்கொரு தடவை மாற்றுவார்கள். இவர் பவானிப் பக்கத்துக்காரர், பெயர் தம்பித்துரை, இந்த ஊரில் அவருக்கு யாரையும் அவ்வளவாகத் தெரியாது.

எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று மௌனிகா கேட்டாள். காவலை எடுத்துவிட்டார்கள் என்றார் அவர்.

“ஆத்தால எந்த வூட்டுக்கும் இழப்பே இல்லைன்னு கணக்குல வந்துருச்சுங்களாமா. இழப்பு இல்லாத துறைக்குக் காவல் எதுக்குன்னு மேல கேக்கறாங்களாம்.” கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தார். நாலைந்து பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். “எனக்கென்னமோ மனசு ஒப்பலீங்க. அந்தப் பாறைக்கு அந்தாண்ட இழுக்குது. ஏனுங்க, நீங்க இந்த ஊருதானுங்களே. நெசமாலுமே இந்தத் துறையில ஒருத்தருமே போனதில்லீங்களா?”

ஒப்பியவர் எப்போது மறுத்தாலும் கணிப்பு மறுபடி திறக்கும்; பொறியை அணைத்த பிறகும், நிலையுரிமை வந்த பிறகும் அந்த விதி மாறவில்லை. யார் காதில் விழுந்து யார் மூலம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மௌனிகா பாறையைப் பார்த்தாள்.

“இல்லீங்க,” என்றாள். “இங்க யாரும் போனதில்லை.”

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வண்டி மேட்டில் ஏறி மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு கடைக்குப் போகாமல் பையைக் கீழே வைத்துவிட்டு, கடைசிப் படியில் தண்ணீர் காலைத் தொடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு பையன் பாறைப் பக்கம் நகர்ந்தான். அவள் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். இந்த அத்தைக்கு வேறு வேலை இல்லை என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தான். எல்லாப் பிள்ளைகளும் கரையேறித் தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மத்தியானமும் வந்தாள்.